கூட ஓர் ஆள் வேண்டுமாம்

நவ. 13, வியாழன்
விடிந்ததிலிருந்து மழை. நேற்றைய துணி இன்னும் ஈரம்.

டாக்டரிடம் போனேன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதற்காக. சர்க்கரையும் எகிறியிருக்கிறது. அடுத்த வியாழன் டிரெட்மில் டெஸ்ட். நெஞ்சில் ஒயர் ஒட்டி, நடக்க வைத்துப் பார்ப்பார்களாம். "வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு உடனே நடந்தா ஹார்ட்டுக்குப் பாரம். பட்டினியா நடந்தாலும் ஆபத்து. அளவா சாப்பிட்டு, கொஞ்சம் பொறுத்து நடங்கம்மா." இதெல்லாம் சரி. வெளியே நர்ஸ் சொன்னதுதான் தலைவலி. "கூட ஒரு ஆள் கட்டாயம் வரணும். தனியா வந்தா டெஸ்ட் எடுக்க மாட்டாங்க."

யாரை?

நவ. 14, வெள்ளி
மழை விட்டது. கொசு விடவில்லை.

வீட்டுக்காரர் போன பிறகு, ஒருத்திக்காக உலை வைக்கவே சலிப்பு. மதியம் ஒன்றும் சாப்பிடவில்லை. சாயங்காலம் பசி தாங்காமல் ஒரேயடியாகத் தின்றேன். ஒரு மணி நேரம் படபடப்பு. வேண்டும் எனக்கு.

பாரிஸிலிருந்து மகன் போன். டெஸ்ட் பற்றிச் சொன்னேன். "பக்கத்து வீட்டு அங்கிளக் கூட்டிட்டுப் போம்மா." பக்கத்து வீடு பூட்டி இரண்டு வருடம். அவர்களும் பிரான்ஸில்தான். எதிர்வீடும் அப்படியே. அவனுக்கு நினைவில்லை. "சரிப்பா" என்று வைத்துவிட்டேன்.

நவ. 16, ஞாயிறு
படுத்துக்கொண்டு எழுதுகிறேன். மடத்தனம் முழுக்க என்னுடையது.

சர்ச்சில் காலைப் பூசை. ஃபாதர் கையால் நன்மை அப்பம் வாங்கும்வரை எதுவும் சாப்பிடுவதில்லை, சின்ன வயதிலிருந்து அப்படித்தான். ஒரு மணி நேரப் பட்டினி போதுமென்று ஃபாதர் எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. யார் கேட்டது? மருந்துக்கு மட்டும் விலக்கு உண்டே என்று சர்க்கரை மாத்திரையை விழுங்கினேன். டாக்டர் நடக்கச் சொன்னாரே என்று கோயிலுக்கு வேகுவேகென்று நடை வேறு.

பிரசங்கம் பாதியில் கை நடுங்கியது. வியர்வை. நெஞ்சு அடித்துக்கொண்டது. இதுதான் மாரடைப்பு என்று நினைத்தேன். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தோமே, யார் திறப்பார்கள் என்றும்.

பக்கத்திலிருந்தவள் மிட்டாய் ஒன்றை உரித்து நீட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.
"இன்னும் நன்மை வாங்கலைங்க."
"உசுரோட இருந்தா அடுத்த வாரம் வாங்கிக்கலாம். வாயத் தொறங்க!"
என்ன அதட்டல்! திறந்துவிட்டேன்.

வெளியே அழைத்துப்போய் உட்கார வைத்தாள். உள்ளே எல்லாரும் நன்மைக்கு எழுந்தபோது, போங்க என்றேன். போகவில்லை. அவளுக்கும் சர்க்கரையாம். பெயர் ஜெயசீலி, ஊர் கோட்டுச்சேரி. எத்தனையோ வருடமாக ஒரே பெஞ்சு. பெயரை இன்றுதான் கேட்டேன். நம்பரும் வாங்கிக்கொண்டேன்.

நவ. 17, திங்கள்
டாக்டருக்குப் போன். மாரடைப்பு இல்லையாம், சர்க்கரை இறங்கிப்போனதாம். "மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கெடந்தா அப்படித்தாம்மா. ஹார்ட்டப் போட்டு இந்தப் பாடு படுத்தாதீங்க." நன்றாகத் திட்டு.

வாங்க வேண்டியது: முட்டை, கீரை, ரவை. கொசுவத்தி.
ஆள்?

ஜெயசீலியைக் கேட்கலாம்தான். ஒரு மிட்டாய் கொடுத்த பாவத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் வா என்பதா? போனை எடுப்பதும் வைப்பதுமாகப் பொழுது சாய்ந்தது. கடைசியில் கேட்டே விட்டேன்.
"எத்தன மணிக்குங்க?" என்றாள். அவ்வளவுதான்.

நவ. 20, வியாழன்
நல்ல வெயில். டெஸ்ட் முடிந்தது. ரிப்போர்ட் நாளை.

கிளம்புவதற்கு வெகு முன்பே இரண்டு இட்லி. எனக்கு முந்தி ஆஸ்பத்திரி வாசலில் ஜெயசீலி.

"இவங்க உங்களுக்கு யாரும்மா?" நர்ஸ் கேட்டாள்.
"ஒரே பெஞ்சுங்க" என்றாள் ஜெயசீலி.

அவசரத்துக்கு ஒரு நம்பர் கேட்டார்கள். மகனுடையதைச் சொல்ல ஆரம்பித்தேன்.
"பிரான்ஸ் நம்பரா? கூப்பிட்டா ஓடியாற ஆளு நம்பரு சொல்லுங்கம்மா."
நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயசீலி தன் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒயர் ஒட்டும்போது அழுகை வந்துவிட்டது. துடிப்பைத் தப்பாகக் காட்டிவிடுமே என்று அடக்கிப் பார்த்தேன். அடங்கவில்லை. "பயப்படாதீங்கம்மா" என்றாள் நர்ஸ். பயம் இல்லை, ஜெயசீலி தன் நம்பரைச் சொன்னதிலிருந்தே முட்டிக்கொண்டு நின்ற அழுகை.