சேலைக் கம்பி

என்னங்க, சளி விட்டதா? போன வாரம் ஒருநாள் இங்கே பட்டறைக் கொட்டகையில் முதலாளி, அவர் மனைவி, வெல்டிங்காரர், சமையல்காரி நான், நாலு பேர்தான். பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டி ஓடவைத்த முதலாளி, "ஏறுங்கம்மா, ஒரு ரவுண்டு போவோம்" என்று மனைவியைக் கூப்பிட்டார். சேலை சிக்காமல் தடுக்கும் கம்பியை அழகுக்கு இடைஞ்சலென்று கழற்றியிருந்தார். அந்தம்மாவின் முந்தானை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீங்களும் அங்கே நம் வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கம்பியைத் துரு தேய்த்து மறுபடி மாட்டுங்கள். பின்சீட்டிலும் கை வைக்காதீர்கள். நான் வருவேன். பால் பொங்குகிறது, முடிக்கிறேன்.

"அண்ணிதான் இங்க இல்லையே, இந்தச் சேலைக் கம்பி எதுக்கு? கழட்டிப் போடுண்ணே" என்று போனில் எனக்குக் கேட்கும்படியே சொன்னாரே உங்கள் தம்பி, அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன்.