யாரும் களவெடுக்கவில்லை, றிஸ்னா

என் உயிர் மச்சி றிஸ்னாவுக்கு,

ஸலாம். நீ இருக்கிற இடத்தை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

ஹனா உன் லெப்டொப்பைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தாள். முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். பாலர் பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் சுற்றி நிற்க, அந்தச் சின்னக் கைகளால் அதை உயர்த்தி, தலையைச் சரித்துக் கீழே எட்டிப் பார்த்தாள். டீச்சர் பாய்ந்து வந்து பிடித்திராவிட்டால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

எல்லாரும் சிரித்தார்கள். என் தங்கச்சி இப்படிச் செய்துவிட்டாளே என்று எனக்கு முகம் சுட்டது. வெட்கம் எனக்குப் புதிதா? வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது வாய் திறக்காமல் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவள் நான். என் பெயர் வந்ததும் நீதான் எழும்பி, "வந்திரிக்காள் டீச்சர், இஞ்ச பின்னால கிடக்காள்" என்பாய். உம்மா வெளிநாட்டுக்குப் போனபோது ஹனாவைப் பார்க்க ஆளில்லாமல் நான் தரம் ஒன்பதோடு நின்றேன். பின்னேரங்களில் நீ புத்தகப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாய். அதனால் பள்ளிக்கூடம் என்னை முழுதாக விட்டுப்போகவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. நீ என் மாமாவின் மகள். என் வயது; ஹனாவுக்கு ராத்தா, அதாவது அக்கா. கல்முனைக்குடியில் உன்னளவு சத்தமாகக் கதைக்கிற இன்னொரு பெண்பிள்ளையை நான் கண்டதில்லை. போன மாரியில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. நீ விட்டுப்போனவற்றில் ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்காக நாம் இருவரும் செய்துகொண்டிருந்த ஒரு துப்பறியும் கணினி விளையாட்டு. அது பாதியில் நின்றது.

ஞாபகம் இருக்கிறதா, அது எப்படித் தொடங்கியதென்று? ஹனாவின் பாலர் பாடசாலை டீச்சர் வைத்திருந்த பழைய கணினியில் இருந்ததெல்லாம் வெளிநாட்டு மர்மம். பனியில் காலடித் தடம், புகைபோக்கிக்குள் ஒளிந்திருக்கும் கள்ளன். நம் பிள்ளைகள் அந்தப் பனியைப் பார்த்து, "இவ்வளவு தேங்காய்ப்பூ ஏன் டீச்சர் கொட்டிக் கிடக்கு?" என்று கேட்டார்கள். அன்றைக்கே நீ சொன்னாய்: "நம்மட ஊருக்கு ஒரு மர்மம் செய்வம் கா. நீ படம் கீறு, நான் கதைக்கன்."

அப்படித்தான் செய்தோம். வெறும் பீங்கான் தட்டு ஒன்று. அதிலிருந்த இனிப்பு வட்டிலப்பத்தைக் காணவில்லை. களவெடுத்தது யார்? காகமா, ஆடா, கறுப்புக் கண்ணாடி போட்ட பூனையா? பிள்ளை தடயங்களைத் தேடி, எண்ணி, நிறம் பொருத்திக் கண்டுபிடிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் என்பதால் எல்லாவற்றையும் உன் குரலில் பதிந்தோம். பிழையான இடத்தை அழுத்தினால், "இல்லடா செல்லம், இன்னொருக்காப் பாருங்க" என்று நீ சொல்வாய். அதைப் பதியும்போது என் மூச்சுச் சத்தம் விழக்கூடாதென்று நான் கன்னத்தை ஊதி வைத்திருந்தேன். அதைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பும் சேர்ந்து பதிந்துவிட்டது. பிறகு வெட்டலாம் என்றாய். வெட்டவில்லை.

நீ போன பிறகு மாமி, உன் உம்மா, உன் லெப்டொப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா. நோன்புக்குக் கொஞ்சம் முந்தி நான் போய் அதைக் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது கூடிப்போச்சு. கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன், மாமி தானாகவே விளங்கிக்கொண்டா.

"பெருநாள் முடிஞ்சி பள்ளிக்கூடம் துறந்தா இது உன்ட மச்சானுக்குத்தான்," என்றா. "அவன் எல்லாத்தையும் அழிச்சிப்போட்டுத்தான் பாவிப்பான். அதுக்குள்ள முடிக்க ஏலுமெண்டா கொண்டு போ."

உன் தம்பியைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கும் படிப்பு. நாம் செய்ததை எங்காவது ஏற்றி வைக்கலாம்தான். ஆனால் பாதியில் நிற்கிற விளையாட்டைப் பாதுகாத்து என்ன செய்ய? யார் விளையாட? அதனால்தான் அதை அப்படியே பாலர் பாடசாலைக்குக் கொண்டுபோனேன், எது குறைகிறதென்று பார்க்க. பிள்ளைகள் பூனையை அழுத்தினார்கள், ஆட்டை அழுத்தினார்கள், சலித்துப்போய்த் திரும்பினார்கள். ஹனா மட்டும் லெப்டொப்பைத் தூக்கினாள்.

"என்னடி தேடுறாய்?" என்று கேட்டேன். அந்த வகுப்பறையில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் முறை.

"புள்ளி பாக்கன்."

"என்ன புள்ளி?"

"பீங்கானுக்குக் கீழ புள்ளி இரிக்குமே. ஆர்ட வீட்டுப் பீங்கானெண்டு தெரிஞ்சாத்தானே வட்டிலப்பம் எங்க போனதெண்டு தெரியும்?"

யோசித்துப் பார், றிஸ்னா. நம் வீடுகளில் நகத்துக்குக் கியூடெக்ஸ் பூசுகிறவர் யார்? தொழுகைக்கு முன் வுழூச் செய்து கழுவுகிற கைக்கு அது ஆகாது. ஆனாலும் அலுமாரியில் ஒரு போத்தல் இருக்கும், பீங்கானுக்கு அடியில் அடையாளம் வைக்க. எங்கள் வீட்டுக்குப் பச்சையில் ஒரு பெருக்கல் அடையாளம். உங்கள் வீட்டுக்குச் சிவப்பில் இரண்டு புள்ளி. நோன்பு வந்தால் பலகாரத்தோடு ஊரெல்லாம் வீட்டுக்கு வீடு பீங்கான் நடக்கும், எது எந்த வீட்டுக்குப் போகவேண்டுமென்று அதன் அடிதான் சொல்லும். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது நம் இருவருக்கும் ஏன் தோன்றவில்லை? ஒரு பீங்கான் வெறுமையாக இருந்தால் இந்த ஊர்ப் பிள்ளை கள்ளனைத் தேடாது. அடுத்த வீட்டைத் தேடும்.

உன் பூனையை எடுத்துவிட்டேன். கோபமா? அந்தக் கறுப்புக் கண்ணாடியை நீ எவ்வளவு ஆசையாகக் கீறச் சொன்னாய். நோன்பு முழுக்க உன்னோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டுதான் வேலை செய்தேன். "மர்மமெண்டா ஒரு கள்ளன் வேணும் கா" என்று நீ சொல்வது கேட்டது. வேண்டியதில்லை என்று நான் சொன்னேன். உயிரோடு இருந்தபோது ஒரு தரமாவது உன்னோடு அப்படி வாதாடியிருக்கிறேனா?

புது விளையாட்டு இப்படி. நோன்பு திறக்கிற நேரம். துணியால் மூடிய பீங்கான் ஒன்று கேற்றடியில் இருக்கிறது. வைத்த பிள்ளை வெட்கத்தில் ஓடிவிட்டது. அந்த ஓட்டத்தை எங்கிருந்து எடுத்தேனென்று உனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கேற்றில் பீங்கானை வைத்துவிட்டு நான் ஓடின ஓட்டமெல்லாம் நீ கண்டதுதானே. விளையாடுகிற பிள்ளை திரையில் பீங்கானைப் புரட்ட வேண்டும். அடியில் அடையாளம் தேய்ந்து போய்க் கொஞ்சம்தான் தெரியும். பிறகு மூன்று வீட்டுக் குசினிக்குள்ளும் போய், அடுப்புப் பக்கத்திலுள்ள பீங்கான்களைப் புரட்டி, நிறமும் வடிவமும் ஒப்பிட்டு, எந்த வீடென்று சொல்ல வேண்டும்.

பீங்கானைப் புரட்ட வைப்பதற்குத்தான் பெரும் பாடு. காணொளிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒருநாள் பீங்கானுக்குப் பதிலாக வீடு புரண்டது. ஹனாவுக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

கள்ளனைப் பற்றி நீ பதிந்ததெல்லாம் இனிப் பொருந்தாது. உன் குரலில் மிஞ்சியது "இல்லடா செல்லம், இன்னொருக்காப் பாருங்க"வும் அந்தச் சிரிப்பும்தான். மற்றதையெல்லாம் யாராவது கதைக்க வேண்டும். யார் கதைப்பது? நான் கதைத்தேன், றிஸ்னா. குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, மீன்காரரின் மோட்டர்சைக்கிள் ஹோன் அடங்கும் வரை காத்திருந்து, ஒவ்வொரு வரியாகக் கதைத்தேன்.

பெருநாள் முடிந்து பாலர் பாடசாலை திறந்த அன்று உம்மாமார் சிலரும் வந்திருந்தார்கள். மாமியும் வந்தா. விளையாட்டைப் பார்க்க அல்ல, லெப்டொப்பைக் கொண்டுபோக. பையைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றா.

முதல் பிள்ளை பீங்கானைச் சரியாகப் புரட்டியது. தேய்ந்த சிவப்பைக் கண்டது. மூன்று வீட்டுக்கும் போனது. பிறகு பச்சைப் பெருக்கல் வீட்டை அழுத்தியது. பிழை. நீ சிரித்தாய். அடுத்த பிள்ளை நீலக்கோட்டு வீட்டை அழுத்தியது. பிழை. நீ திரும்பவும் சிரித்தாய். மூன்றாவது பிள்ளையும் பிழை. டீச்சர் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, பிள்ளைகளுக்கு இது கஷ்டமோ என்று கேட்டா. வாசலில் மாமி அசையாமல் நின்றா. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது ஹனா எழும்பினாள். "அது சிவப்பு வீடெண்டு எல்லாருக்கும் தெரியும் டீச்சர்," என்றாள், டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லையே என்கிற மாதிரி. "பிழையா அமத்தினாத்தான் றிஸ்னா ராத்தா சிரிப்பா."

"இன்னொருக்காச் சிரிக்க வைப்பம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகு வகுப்பில் வரிசை இல்லை.

அந்தச் சத்தத்துக்குள் மாமி உள்ளே வந்தா. பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் குந்தினா. பையைக் கீழே வைத்தா. மௌஸை எப்படிப் பிடிப்பதென்று ஹனாவிடமே கேட்டு, நேரே பச்சைப் பெருக்கல் வீட்டில் அழுத்தினா. நீ சிரித்தாய். நீலக்கோட்டு வீட்டில் அழுத்தினா. நீ சிரித்தாய். திரும்பவும் பச்சை. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள், இவ்வளவு பெரியவவுக்கு விடை தெரியவில்லையே என்று. ஒரு பிள்ளை பொறுக்க முடியாமல் மாமியின் கையைப் பிடித்துச் சிவப்பு வீட்டில் கொண்டுபோய் வைத்தது.

அது உங்கள் வீடு, றிஸ்னா. நீலக் கேற், வாசலில் பப்பாசி மரம், எல்லாம் கீறியிருந்தேன். கேற் திறந்தது. இப்போது என் குரல்: "கண்டுபிடிச்சிட்டீங்க. இது றிஸ்னா ராத்தாட வீடு. பீங்கானை ஒண்டும் வைக்காம வெறுசாத் திருப்பிக் குடுக்கலாமா?"

"ஏலாது!" பிள்ளைகள் கத்தினது பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும். பேரீச்சம்பழம் வை, ரோல்ஸ் வை என்று ஆளாளுக்குச் சண்டை. கடைசியில் வட்டிலப்பத்தை வைத்தார்கள். காணாமல் போனதாக நாம் கதை கட்டின அதே வட்டிலப்பம், உன் வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்தது. டீச்சர் கைதட்டினா. அது என் குரலென்று தெரிந்ததும் உம்மாமார் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஒளியவில்லை. ஒளிய முதுகும் இல்லை.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. "அவனுக்கு வேற பாப்பம். இது இஞ்சயே கிடக்கட்டும்," என்றா. பிறகு, போகிற போக்கில், "அது சரி, நம்மட கேற்றுக்கு எப்பயோ பச்சை அடிச்சாச்சி. நீ இன்னும் நீலத்திலயே நிக்கிறாய். மாத்து," என்றா.

மாற்றிவிட்டேன். அடுத்த மர்மத்தையும் தொடங்கிவிட்டேன்: குர்ஆன் மதரசா வாசலில் மாறிப்போன செருப்புகள். அதிலும் கள்ளன் இல்லை. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சி. நான் செய்யப்போகிற ஒவ்வொரு விளையாட்டிலும் சரியாகச் சொல்கிற பிள்ளையோடு நான் கதைப்பேன். பிழைவிடுகிற பிள்ளையோடு நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பை ஒருநாளும் வெட்டமாட்டேன்.

நேற்று உங்கள் வீட்டிலிருந்து ஒரு பீங்கான் வந்தது. கழுவிப் புரட்டிப் பார்த்தேன், ஒரு புள்ளி முழுதாகத் தேய்ந்திருந்தது. சிவப்புக் கியூடெக்ஸை எடுத்து அந்தப் புள்ளியைத் திரும்ப வைத்து, காயும் வரை ஊதினேன். வட்டிலப்பம் அவித்து நிறைத்து, துணியால் மூடி, கொண்டுபோனேன். பச்சைக் கேற்றடியில் நின்றேன். வைத்துவிட்டு ஓடவில்லை. "மாமி, நான் வந்திரிக்கன்" என்று சத்தமாகக் கூப்பிட்டேன்.

உன் மாமி மகள், உன் மச்சி,
ஸப்றா