வெளிச்சம் கேட்ட வால்வு

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீ போனில் "நல்லா இருக்கேம்மா" என்பதில் பாதியைத்தான் நம்புகிறேன், மீதியை நீ அனுப்புகிற போட்டோவில் கன்னத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். அப்பாவின் முட்டிவலி தேவலை.

உன் தங்கை பத்து நாளாக நம் ரிப்பேர் கடைக்குப் போகவில்லை என்றேனே, அது ஒருவழியாகத் தீர்ந்தது. மருந்துக்கடைக்காரருக்குப் பாட்டுக் கேட்க, பழைய ரேடியோவில் இருக்குமே அந்த மாதிரிக் கண்ணாடி வால்வு வைத்து அவள் ஒரு பிரீஆம்ப் பெட்டி செய்து கொடுத்திருந்தாள். அதில் வோல்டேஜை ஏறாமல் இறங்காமல் பிடித்து வைக்க, வாயு அடைத்த கண்ணாடி வால்வு ஒன்று ஊதா நிறத்தில் எரியும். நம் கடை மேசையில் ஜோராக எரிந்தது, அவர் வீட்டில் எரியவில்லை, பாட்டு கரகரத்தது. உன் அப்பா இவளோடு போய்ப் பார்த்துவிட்டு, அந்த மனுஷர் முன்னாலேயே, "உன் சால்டரிங் லட்சணம் இதுதான்" என்று இவளை எடுத்தெறிந்து பேசிவிட்டார். இவள் மூன்று முறை ஈயத்தைத் திரும்பப் பற்றவைத்தும் அதே கதை. அப்புறம் இவள் வாயைப் பூட்டிக்கொண்டாள். சாப்பிடும்போது அப்பா பக்கத்தில் இருக்கிற உப்பு வேண்டுமென்றால்கூட என் வழியாகத்தான் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை மருந்து வாங்கப் போனபோது அவர் என்னைக் கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டுக்குள் கூப்பிட்டு, பாட்டைப் போட்டுக் காட்டினார். பெட்டியை ஒரு மர அலமாரிக்குள் வைத்திருக்கிறார், உள்ளே கும்மிருட்டு. எதுவும் தெரியவில்லையே என்று போன் டார்ச்சை அடித்தேன், வால்வு பளிச்சென்று எரிந்தது, பாட்டும் தெளிந்தது! பெட்டியை அணைத்து, கதவைச் சாத்தி, மறுபடி போட்டு நாலு தடவை பார்த்தேன், நாலு தடவையும் அப்படியே. உடனே அவளைக் கூப்பிட்டேன். இந்த வகை வால்வு சிலதுக்கு எரியத் தொடங்க மட்டும் துளி வெளிச்சம் வேண்டுமாம். பக்கத்தில் ஒரு குட்டி பல்பை வைத்தாள், தீர்ந்தது.

அப்பா இரவு சாப்பிடாமல் அவள் அறை வாசலில் போய் நின்று, "தப்பு என்மேலதாம்மா" என்றார். இவள் நிமிராமலே, "அங்க வச்சுத்தானே திட்டினீங்க, அங்கயே வந்து சொல்லுங்க" என்றாள். காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு இவளோடு போய், மருந்துக்கடையில் ஆட்கள் நிற்கும்போதே சொல்லிவிட்டார். திரும்பி வந்ததும் அவள் அவரிடமே உப்பு கேட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், அதைத்தான் எப்போதும் நினைக்கிறேன். ஒன்று மறக்காதே: அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா இதை அவர் வாயால் உன்னிடம் சொல்லப்போகிறார். நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்க்கிறார். முதல்முறை கேட்பதுபோலக் கேள்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா