இரண்டு ஊர் 'நே'

அன்புள்ள அப்பாவுக்கு, தெசலோனிகியிலிருந்து நெவெனா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம், கோபத்தைத் தவிர.

கவலைப்பட ஒன்றுமில்லை. பேக்கரி முதலாளி ஆர்கிரிஸ், "தயிர்னா எங்க கிரேக்கத் தயிர்தான்மா. உங்க பல்கேரியாவுல இருக்கறது வெறும் புளிச்ச பால்" என்றார். தட்டை மேசையில் அறைந்தேன். "இவ்வளவு கோபமா? வேலையை விட்டுப் போறியா?" என்றார். "நே! நே!" என்று கத்தினேன். நம் மொழியில் அது 'இல்லை', அவர்கள் மொழியில் 'ஆமாம்'. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆத்திரத்தில் நாக்கு மட்டும் டிக்கெட் இல்லாமல் ஊருக்குப் போய்விடுகிறது.

மறுநாள் போய், நான் வேலையை விடவில்லை என்று விளக்கினேன். "சரி சரி, திரும்ப வர்றியா?" என்றார். ஆமாம் என்று நம் வழக்கப்படி தலையை இடமும் வலமும் ஆட்டினேன். இங்கே அதற்கு 'மாட்டேன்' என்று பொருள். "திமிரைப் பாரு!" என்று கதவைச் சாத்திவிட்டார்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். இங்கே குளிரில்லை, இருந்தாலும் அனுப்புங்கள்.

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் ஒரு கிண்ணம் தயிருக்கு நான் ஏன் இப்படிப் பொங்கினேன் என்று எனக்குத் தெரியும். அவர் எதற்குப் பொங்கினார் என்று தெரியாது. நாளை கதவைத் தட்டிக் கேட்கப்போகிறேன், தலையை அசைக்காமல்.

தபால் நிலையத்தை மூடும் நேரம், தபால்காரர் முறைக்கிறார்.

நெவெனா