மேட்டுக் கடையின் மழைநீரும் கீழ்வரிசைக் கல்லறைகளும்

அனுப்புநர்:
பொலிக்ஸேனி கராத்சா,
மறைந்த ஸ்டெர்யோஸ் கராத்சாஸின் மனைவி,
கல்லறைத் தோட்டத்துக்கு எதிர்வீடு,
கீழைத் தெரு, மவ்ரோகம்போஸ்.

பெறுநர்:
நகராட்சித் தலைவர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், மவ்ரோகம்போஸ்.

பொருள்: மவ்ரேலிஸ் பேரங்காடியின் கார் நிறுத்தும் தளத்து மழைநீர் கல்லறைத் தோட்டத்தில் இறங்குவதைத் தடுக்கக் கோருதல் – மூன்றாம் முறை.

மதிப்பிற்குரிய ஐயா,

முதல் இரண்டு மனுக்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுதினேன். அவள் மரியாதையைக் கூட்டி விஷயத்தைக் குறைத்துவிட்டாள். இதை என் கையாலேயே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. கல்லறைத் தோட்டத்துக்கு மேலே எலுமிச்சைத் தோப்பு இருந்தவரை எந்த மழையும் கீழே வந்ததில்லை. மண் குடித்துவிடும். ஃபோட்டிஸ் மவ்ரேலிஸ் தோப்பை வெட்டிப் பேரங்காடி கட்டினார். கூரையிலும் தளத்திலும் விழும் மழையைத் தேக்கி மெல்ல விட ஒரு பெரிய குழி வேண்டும் என்று தங்கள் அலுவலகம் நிபந்தனை போட்டது. வெட்டினார்கள், பார்த்தேன். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று அடுத்த கோடையிலேயே அதை மூடித் தார் போட்டார்கள். அதையும் பார்த்தேன்.

2. அன்று முதல் மழை பெய்தால் அந்தத் தண்ணீர் முழுதும் சுவருக்கு அடியில் புகுந்து கீழ்வரிசைக்கு வருகிறது. கார் எண்ணெயோடு வருகிறது. கடையின் மஞ்சள் பைகள் சிலுவைகளில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. நான்தான் எடுத்துப் போடுகிறேன்.

3. நம் வழக்கப்படி மூன்றாண்டு கழித்து, எலும்பை எடுத்துப் பெட்டியில் வைக்க, என் கணவரின் கல்லறையைத் திறந்தோம். எலும்புகளைக் கழுவத் திராட்சை ரசம், பொதிய வெள்ளைத் துணி, பெயர் எழுதிய பெட்டி எல்லாம் கொண்டுபோயிருந்தேன். மண்வெட்டி இறங்கியதும் சளக்கென்றது. குழியில் தண்ணீர் நின்றது. அவருக்குப் போட்டுவிட்ட கோட்டு அப்படியே இருந்தது. கோட்டுக்குள் அவரும் இருந்தார். இதற்கு மேல் எழுத மாட்டேன். பாதிரியார் பாவமன்னிப்பு ஜெபம் படித்தார். வேறு இடம் இல்லை என்று அதே குழியில் மூடினார்கள். பெட்டி காலியாக வீட்டுக்குத் திரும்பியது.

4. மண் கரைக்காதவன் பாவம் செய்தவன் என்று ஊர் பேசுவது தங்களுக்குத் தெரியும். என் கணவர் ஆலிவ் எண்ணெய்ச் செக்கில் எடை போட்டவர். ரொட்டிக் கடை வரிசையில் வசிலோ சொன்னாள்: "தராசுல கை வச்ச ஆளு. மண்ணு எப்படிடி ஏத்துக்கும்?" அடுத்தவள், "மெதுவா பேசுக்கா, கிழவி பின்னாடிதான் நிக்குது" என்றாள். நின்றுகொண்டுதான் இருந்தேன். இந்தத் தராசுக் கதையைக் காப்பிக் கடையில் முதலில் கிளப்பியவர் ஃபோட்டிஸின் தகப்பனார் அர்கிரிஸ். எடை கூட்டத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்த அவருடைய ஆலிவ் மூட்டைகளை என் கணவர் திருப்பி அனுப்பினார், அந்தக் கோபம். நாற்பது வருடம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

5. தங்கள் பொறியாளர் ஒருமுறை வந்தார். நல்ல வெயிலில் வந்தார். "பாட்டிம்மா, தண்ணின்னா பள்ளத்துக்குத்தான் போவும். இதுக்கு யார் மேல கேஸ் போடறது?" என்று சிரித்தார். "அந்தப் பள்ளத்துல உங்கப்பன் படுத்திருந்தா சிரிப்பியா தம்பி?" என்று கேட்டேன். இதற்காக அவர் என்மீது புகார் எழுதியிருப்பதாக அறிகிறேன். எழுதட்டும்.

6. வரும் ஈஸ்டர் கழிந்ததும் என் கணவரின் கல்லறையை மறுபடி திறக்கிறோம். இந்த மழைக்காலமும் தண்ணீர் இறங்கினால் அவர் அப்படியேதான் இருப்பார். எனக்கு எண்பத்துமூன்று வயது. மூன்றாம் முறை திறக்கும்போது ரசம் ஊற்ற நான் இருக்க மாட்டேன். அந்தப் பேச்சோடு அவரை விட்டுப் போக எனக்குச் சம்மதமில்லை. எனவே தாரைப் பெயர்த்து அந்த மழைநீர்க் குழியைத் திரும்பத் திறக்கவும், கூரைக் குழாய்களை அதில் சேர்க்கவும், மழைக்கு முன் உத்தரவிட வேண்டும்.

7. முன் மனுக்களில் எழுதாத ஒன்று. மேல்வரிசைகள் நிரம்பிவிட்டதால் அர்கிரிஸ் மவ்ரேலிஸும் கீழ்வரிசையில்தான் இருக்கிறார், என் கணவரைவிடத் தாழ்ந்த இடத்தில். மேலே விலையுயர்ந்த சலவைக்கல் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் அதற்கு அடியில் போகிறது. அவருக்கும் வரும் ஈஸ்டர் கழிந்துதான் மூன்றாண்டு நிறைகிறது, திறப்பார்கள். பெரிய குடும்பம், ஊரே வரும். வசிலோ முன்னால் நிற்பாள். மகனுக்கு இது தோன்றியதாகத் தெரியவில்லை. அந்த வீட்டோடு எனக்குப் பேச்சு கிடையாது. வாயை மூடிக்கொண்டு அந்த நாளுக்குக் காத்திருக்கவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் என் கணவர் மேல் இறங்கித்தான் அவரிடம் போகிறது. ஆகையால் தாங்களே ஃபோட்டிஸை அழைத்துச் சொல்லவும். உத்தரவுக்கு அசையாதவர் இதற்கு அசைவார்.

பதில் கடிதம் வேண்டாம் ஐயா. தாரை உடைக்கும் சத்தம் கேட்டால் போதும். என் வீட்டுக்குக் கேட்கும்.

இடம்: மவ்ரோகம்போஸ்
நாள்: 28 செப்டம்பர் 2023

இப்படிக்கு,
பொலிக்ஸேனி கராத்சா
(என் கையெழுத்து)