மாதாவும் வஞ்சிரம் தலையும்

அக்டோபர் 1, செவ்வாய்

ஜெபமாலை மாதம் தொடங்கிவிட்டது. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த எங்கள் அன்பியத்தில் மாதா சுரூபம் இன்றிலிருந்து வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அந்த வீட்டுக்காரி சுரூபத்தைத் தன் கையால் தூக்கிப்போய் அடுத்த வீட்டுக்காரி கையில் கொடுக்க வேண்டும். ஆள் விட்டு அனுப்பக் கூடாது. போன வருஷம் ஒருத்தி மகனிடம் கொடுத்தனுப்ப, அவன் மாதாவை ஸ்கூட்டரில் காலுக்கு நடுவில் நிற்க வைத்து ராயபுரம் மேம்பாலம் வரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தான். அதற்கப்புறம் அன்பியப் பொறுப்பாளர் போட்ட சட்டம் இது. பொறுப்பாளர் நான்தான்.

வரிசை போட்டதும் நான்தான். நியாயப்படி எங்கள் வீட்டுக்கு அடுத்தது எங்கள் மாடி வீடு. அங்கே என் கொழுந்தன் வால்டரும் அவன் பெண்டாட்டி சாராவும் இருக்கிறார்கள். மாடியை மாசக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பக்கத்துச் சந்து தேவகிருபையை எங்களுக்கு அடுத்ததாகப் போட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாடிப்படி வழுக்குகிறது என்று சொல்வதாக இருந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பூசையில் ஃபாதர் பிரசங்கம்: இந்த மாதம் ஒவ்வொரு அன்பியமும் ஒரு சண்டையையாவது தீர்த்துவைக்க வேண்டுமாம். நல்ல பிரசங்கம். சாரா வலப்பக்கம் உட்கார்ந்ததால் நான் இடப்பக்கம். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவள் இந்தப் பக்கம் திரும்புவது போலிருந்தது. நான் சட்டென்று பின்னால் திரும்பினேன். பின்னால் தூண். வேறு வழியில்லாமல் தூணைக் கும்பிட்டு, "சமாதானம்" என்றேன்.

வெளியே வரும்போது ஃபாதர் பிடித்துக்கொண்டார். "உங்க அன்பியத்துல பேசிக்காத வீடு ஏதாவது இருக்காம்மா?"

"எங்க தெருவுல அதெல்லாம் கிடையாது ஃபாதர்."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் இருமினார். இக்னேஷியஸ் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் இருமினால் கப்பல் சங்கு மாதிரி நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

அக்டோபர் 8, செவ்வாய்

நடந்ததை எழுதி வைக்கிறேன். தப்பு யார் மேல் என்று எனக்காவது தெரிந்திருக்கட்டும்.

ஜூன் மாதம், மீன்பிடித் தடை முடிந்த வாரம். மீன்காரி முத்தம்மா கூடையில் வந்த முதல் வஞ்சிரம். செத்துப்போன மாமியார் கைப்பக்குவத்தில் குழம்பு வைத்து, ஒரு கிண்ணம் நிறைய மாடிக்கு அனுப்பினேன். சாயங்காலம் சாரா, "கிண்ணம் வெச்சிட்டேன்க்கா" என்று படியில் வைத்துவிட்டு ஏறிப்போனாள். திறந்து பார்க்கிறேன் — கிண்ணம் நிறையக் குழம்பு. அதே நிறம், அதே மாங்காய்த் துண்டு. தொடவே இல்லை. இன்னா திமிரு. வேணாம்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? நேராகக் கொல்லைக்குப் போய் பூனைத் தட்டில் ஊற்றினேன். நிமிர்ந்தால் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பார்க்கட்டும் என்றுதான் ஊற்றினேன்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

நாளைக்கு மாதா எங்கள் வீட்டுக்கு வருகிறார். திரைச்சீலை துவைத்தேன். பூ கட்ட உட்கார்ந்தேன். சாரா இருந்தால் அவள் தொடுப்பாள், நான் கதை பேசுவேன். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். இவரிடம் பேசினால், "உம்" என்பதோடு சரி. அவள் இல்லாமல் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதற்காக நான் போய் நிற்க முடியுமா?

அக்டோபர் 14, திங்கள்

மாதா வந்தாயிற்று. வீடு நிறையக் கூட்டம். வரவேற்பு ஜெபமாலை பாதியில் கவனித்தேன், எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் பிந்தி இன்னொரு குரல் பதில் சொல்கிறது. மாடி ஜன்னலிலிருந்து. அவளுக்கு எப்போதும் அருள்நிறை மந்திரம் பிந்தித்தான் வரும். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எல்லோரும் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 15, செவ்வாய்

பேய் மழை. தேவகிருபை போன் பண்ணினாள். "வூட்டுக்குள்ள முட்டிக்கால் தண்ணிக்கா. நாங்களே கட்டில் மேல குந்திகினு கீறோம். மாதாவ எங்க நிறுத்துறது?"

அன்பிய வாட்ஸ்அப்பில் ஃபாதர் என் பெயரைச் சொல்லியே எழுதினார்: 'வியாகுலம்மா வீட்டு மாடியில் தண்ணீர் ஏறாதே. அங்கே கொடுக்கலாமே.' உடனே தெருவே கைகூப்பும் படம் போட்டது. வேண்டுமென்றே செய்கிறார்கள். எல்லோருக்கும் தெரியும்.

இவரைக் கெஞ்சினேன். "நீ போட்ட ரூலும்மா. நா தூக்கினு போனா உன் மருவாதி இன்னாவுறது?" என்று சொல்லிவிட்டு பஜ்ஜி கேட்கிறார்.

மழை விடட்டும் ஃபாதர், என்று பதில் போட்டேன். ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிற படிக்கு மழை என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. படி கொல்லைப்பக்கம்தான், பாதி நனையும் என்பது வேறு விஷயம்.

அக்டோபர் 16, புதன்

மழை. மாதா என்னையே பார்க்கிறார். கொஞ்சம் ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன்.

காலையில் முத்தம்மா கொஞ்சம் சங்கரா மீனோடு வந்தாள். மீனை நறுக்கிக்கொண்டே பேசினாள். "மேல் வூட்டுக்காரிக்கு இன்னா ஆச்சு? என்னாண்ட மீனே வாங்கறதில்ல. தட முடிஞ்சி வந்த வஞ்சிரத்த உங்க ரெண்டு வூட்டுக்கும்தான் போட்டேன். வால் பக்கம் உனுக்கு, தலைய அவ கேட்டு வாங்கிகினு போனா. அத்தோட சரி."

தலையா?

அந்தக் கிண்ணத்தில் தலை இருந்தது. பூனைத் தட்டில் தொப்பென்று விழுந்ததே. நான் தலை வாங்கவே இல்லையே. கிண்ணமும் சூடாக இருந்ததே. காலையில் வைத்த குழம்பு சாயங்காலம் எப்படிச் சூடாக இருக்கும்? ஐயோ மாதாவே. வெறுங்கிண்ணமாகத் திருப்பக் கூடாது என்று அவள் வைத்த குழம்பை ஊற்றி அனுப்பியிருக்கிறாள். ஒரே மாமியார் பக்குவம், ஒரே மில்லில் அரைத்த மிளகாய்த்தூள் — நிறம் வேறு எப்படி இருக்கும்? ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேனா? பார்க்கலியே.

சாயங்காலம் ஜெபமாலையை எப்படிச் சொல்லி முடித்தேனோ. மாதாவைத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன். பின்னால் தெருவே குடையோடு வருகிறது. இவர் எனக்கில்லை, மாதாவுக்குக் குடை பிடிக்கிறார். கதவு திறந்தது. என்ன சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. இரண்டு கையிலும் மாதா, கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

"உள்ள வாக்கா," என்றாள் சாரா. "மாதா நனையறாங்க."

வாங்கிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "சாரா, அது என் கொயம்புன்னு நெனச்சுக்கினேன்டி. நீ தொடாம திருப்பி அனுப்பிட்டன்னு. தல இருந்தத இன்னிக்குத்தான் யோசிச்சேன். மன்னிச்சிக்கடி."

அவள் மாதாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள். "நீ ஊத்தினதுகூட பரவால்லக்கா. பூனையும் மோந்து பாத்துட்டுப் போயிடிச்சு. அத்ததான் என்னால தாங்க முடியல."

"சூடா இருந்திச்சுடி. அதான்."

"மெய்யாலுமா?"

"மாதா மேல சத்தியமா."

அவளுக்குப் பின்னால் நின்ற வால்டர்தான் முதலில் சிரித்தான். அப்புறம் படி முழுக்கச் சிரிப்பு. ஃபாதருக்கு யாரோ அங்கிருந்தே வீடியோ அனுப்பிவிட்டார்கள். அனுப்பட்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு

பூசையில் இரண்டு பேரும் இடப்பக்கம். தூணுக்கு இன்று யாரும் சமாதானம் சொல்லவில்லை.

முத்தம்மா வஞ்சிரம் கொண்டுவந்தாள். நானும் வைத்தேன், மேலே அவளும் வைத்தாள். என் கிண்ணம் ஏறிப் போனது, அவள் கிண்ணம் இறங்கி வந்தது. இந்தத் தடவை முதலில் நாக்கில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதை விடக் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லப் போவதில்லை. இரண்டையும் ஒரே சட்டியில் கொட்டிவிட்டேன்.

"இது யார் வெச்ச கொயம்பு?" என்றார் இவர்.

"தெரியல," என்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு துண்டை எடுத்து ஊதி ஊதி ஆறவைத்தேன். மாடியில் சாரா வந்து நிற்கிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் பூனைத் தட்டில் வைத்தேன். முள்ளைக்கூட விடவில்லை அது.