மச்சானின் கேமராவில் எல்லாரும் வெள்ளையாக வந்தார்கள்

என் பாசத்துக்குரிய மச்சானுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் மருமகள் செல்விக்கு வளைகாப்பு. போட்டோ எடுக்க ஆள் எதற்கு, நானே எடுக்கிறேன் என்று மார்தட்டினேன். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் வீட்டு அக்கா என் கையில் கொடுத்தாளே, உன் கைக்கடக்கமான கேமரா, அதை வைத்துத்தான்.

விருந்து முடிந்த கையோடு சம்பந்தி வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். ஒன்றிலும் முகமே இல்லை. பிள்ளைத்தாய்ச்சி கன்னத்தில் பூசிய சந்தனத்தைக்கூடக் காணோம். எல்லாம் ஒரே வெள்ளை. சம்பந்தி விடுவாரா?

"என்ன சம்பந்தி, வளைகாப்ப எடுக்கச் சொன்னா சொர்க்கலோகத்த எடுத்துட்டு வந்திருக்கீக? எங்க வீட்டம்மா ஆவி மாதிரில்ல நிக்கிறா!"

சபையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்து கேமராவுக்கு வைத்தியம் பார்த்தேன். லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தேன். ஃபிளாஷை நிறுத்தினேன். பேட்டரியை மாற்றினேன். நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் உன்னோடு ஊர் சுற்றினேன். அந்தப் படிப்புக்கு எட்டிய வைத்தியம் அவ்வளவுதான். கேமராவின் குட்டித் திரையில் படம் எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. டிவியில் போட்டால் மறுபடி வெள்ளை. "மச்சான் போனதுல இருந்து இதுக்கும் புத்தி கெட்டுப்போச்சு" என்று திட்டினேன்.

செல்வி மூச்சு வாங்கியபடி பக்கத்தில் உட்கார்ந்து அதை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்கிற இந்த ப்ளஸ் மைனஸ யாரு தொட்டது? கடேசி வரைக்கும் ஏத்தி வச்சிருக்கு."

"நாந்தான் தாயி. இருட்டா தெரிஞ்சுச்சு. அதான் ஏத்துனேன்."

"இருட்டாவா? பட்டப்பகல்லயா?"

அவள் அதைச் சைபருக்கு இறக்கி, வாசல் முருங்கை மரத்தை ஒரு படம் எடுத்தாள். திரும்ப ஏற்றி இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி, "எதுப்பா நல்லாருக்கு?" என்றாள். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவன் மாதிரி ரெண்டாவதைத் தொட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "அதுல இலையே இல்லப்பா" என்றாள்.

எனக்கு அதில்தான் மரமே தெரிந்தது, மச்சான்.

உன் தங்கச்சி கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "நாளைக்கு ஜீப்பு எடுக்கணும்ல?" என்றாள்.

ஜீப்பில் யார் வருவார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற பன்னிரண்டு பெண்கள். கங்காணியாக நீ பெயர் கூப்பிட்டு ஏற்றிவிட்ட ஆட்கள். போடிமெட்டு ஏற்றத்தில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை.

முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீ ஓயாமல் பேசிக்கொண்டே வருவாய். "பஸ்சு வருது மாப்ளே, ஒதுங்கு." "லோடு லாரி நிக்குது, மெதுவாப் போ." நான் எரிந்து விழுவேன்: "ஓட்டுறது நீயா நானா? வாய மூடிக்கிட்டு வா மச்சான்." சிரிப்பாய். அடுத்த வளைவில் மறுபடி ஆரம்பிப்பாய். கடைசி ஒரு வருடத்தில் அது கூடிக்கொண்டே போனது. இப்போதுதான் யோசிக்கிறேன். உனக்குத் தெரியுமா, மச்சான்? தெரிந்தும், சொன்னால் இவன் சண்டைக்கு வருவான் என்று உன் கண்ணை எனக்குக் கொடுத்துக்கொண்டு வந்தாயா?

இரண்டு நாளாக ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் டியூப்லைட்டைப் பார்க்கிறேன். இடது கண்ணில் புகை. வலது கண்ணிலும் புகை. வெறும் கண்புரைதான், ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று செல்வி சொல்கிறாள். அப்படி இல்லாவிட்டால்? பிறக்கப் போகிற பிள்ளையையும் அந்த வளைகாப்புப் படம் மாதிரி வெள்ளையாகத்தான் பார்ப்பேனா? ஊசி என்றாலே உன் தோளைப் பிடித்துக்கொள்கிறவன் நான். வியாழக்கிழமை தேனி கண்ணாஸ்பத்திரிக்குப் போகிறோம். யார் தோளைப் பிடிப்பது?

"சாவியக் கொண்டாங்க" என்று செல்வி கை நீட்டினாள். வாங்கிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். "வேணும்னா எங்கூட மல்லுக்கட்டி வாங்கிக்கங்க" என்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரியோடு யார் மல்லுக்கட்ட முடியும்? ஜீப்புக்கு வேறு டிரைவர் பார்த்தாயிற்று. டாக்டர் சரி என்று சொல்லாமல் ஸ்டீரிங்கைத் தொட மாட்டேன். நீ ஏற்றிவிட்ட அந்தப் பன்னிரண்டு பேர் மேல் சத்தியம்.

ஒன்றை மட்டும் நான் வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வளைகாப்புக்கு மூன்று நாள் முன்பு, மேலே ஒரு வளைவில் லேசான பனிமூட்டம். பின்னால் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் அலறிய பிறகுதான் மிதித்தேன். பம்பருக்கு ஒரு முழம் முன்னால், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். "பிரேக்கு பிடிக்கல ஆத்தா" என்று எல்லாரிடமும் சொன்னேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது, மச்சான்.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
உன் மாப்ளே
பாண்டி